கொலையுண்டவர் கூண்டில்!

வியன்னா நகரத்துப் பல்கலைக் கழகம். 1936-ஆம் ஆண்டு, ஜூன் திங்கள் 22-ஆம் நாள், காலை ஒன்பது மணி கடந்து சில நிமிடங்கள். வகுப்பறையிலே மாணவர்கள் காத்திருக்கிறார்கள். பாடம் நடத்தவேண்டிய பேராசிரியர், ஐம்பத்து நான்கு வயதினர், மாடிப்படிகளிலே ஏறிக்கொண்டிருக்கிறார். வழியிலே ஒருவன் நிற்கிறான். அவரிடமே பயின்று, அவரிடமே டாக்டர் பட்டம் பெற்றவன். கையிலே துப்பாக்கி. நான்கு குண்டுகள். பேராசிரியர் படிகளிலேயே சாய்ந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. சுட்டவன் ஓடவில்லை, தன்னைப் பிடிக்க வருவோரை எதிர்நோக்கி நின்றான்.

மாண்டவர் பெயர் மோரிட்ஸ் ஷிலிக். சுட்டவன் பெயர் யோஹான் நெல்பெக்.

கொலை நடந்தது; கொலைகாரன் பிடிபட்டான்; இனி வழக்கு, தண்டனை; அவ்வளவுதானே என்று எண்ணத் தோன்றும். அவ்வளவோடு முடிந்திருந்தால், நாம் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவையும் இருந்திராது. ஆனால், சில நாட்களுக்குள் அந்நகரிலே ஒரு விந்தை நடந்தது. கொன்றவனை ஒருபுறம் நிறுத்தி வைத்துவிட்டு, கொல்லப்பட்டவரைக் கூண்டிலேற்றி விசாரிக்கத் தொடங்கினர்! அவர் என்ன கற்பித்தார்? யாரோடு பழகினார்? எந்த இனத்தைச் சேர்ந்தவர்? ஏடுகள் இவ்வாறெல்லாம் கேட்டன. குண்டு பாய்ந்த நெஞ்சை நோக்கிச் சுட்டுவிரலும் நீண்டது.

அப்படி அவர் செய்த குற்றந்தான் என்ன? ஒரு கேள்வி கேட்டார். வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு கேள்வியையே பலவிதமாகக் கேட்டார். 'நீர் சொல்வது உண்மையா, பொய்யா என்பதை எவ்வாறு சரிபார்ப்பது?' என்பதே அக்கேள்வி.

ஷிலிக் 1882-இல் பெர்லின் நகரிலே செல்வக் குடியிலே பிறந்தவர். தத்துவ உலகுக்கு அவர் வந்த வழி வேறு. நூற்றுக்கு நூறு இயற்பியல் மாணவர் அவர். மாக்ஸ் பிளாங்க் என்னும் மேதையின் கீழ் ஆய்வு செய்து, ஒளி பிரதிபலிப்பது குறித்து எழுதிய ஆய்வுரைக்காக 1904-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆய்வுக்கூடத்துக் கருவிகளைக் கையாண்ட பின்னரே தத்துவ ஏடுகளைப் புரட்டினார். புரட்டியவருக்கு வியப்பு! ஆய்வுக்கூடத்திலே ஒருவன் ஒன்றைச் சொன்னால், 'அளந்தாயா? எதைக்கொண்டு அளந்தாய்?' என்று அடுத்தவன் கேட்கிறான். தத்துவ மண்டபத்திலோ, இரண்டாயிரம் ஆண்டுகளாகப் 'பரம்பொருள்', 'பூரணம்', 'தன்னிலைப் பொருள்' என்று பேசிக்கொண்டேயிருக்கிறார்கள், ஒருவர் கட்டியதை மற்றவர் இடிக்கிறார், இடித்த இடத்திலே இன்னொருவர் கட்டுகிறார், அளப்பாரைக் காணோம்!

ராஸ்டாக் நகர்ப் பல்கலைக் கழகத்திலே 1911 முதல் பத்தாண்டு ஆசிரியப் பணி. அக்காலத்திலேதான் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை வையத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. தத்துவப் பேராசிரியர்களிலே பலருக்கு அது புரியவில்லை. புரியாததனாலேயே பலர் சீறினர். ஷிலிக்கிற்கு அது புரிந்தது. 1915-இல் அவர் எழுதிய கட்டுரையைப் படித்த ஐன்ஸ்டைன், பாராட்டி மடல் எழுதினார். 1917-இல் வெளிவந்த 'இன்றைய இயற்பியலில் வெளியும் காலமும்' என்ற சிறு நூல் அவருக்கு நாடெங்கும் பெயர் வாங்கித் தந்தது. மறு ஆண்டிலே 'பொது அறிவுக் கொள்கை' என்ற பெருநூல்.

சார்புக் கொள்கையிலே ஷிலிக் கண்டெடுத்த பாடம் எது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். அவருடைய தத்துவத்தின் வேரே அங்குத்தான் இருக்கிறது.

'இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன' என்று சொல்கிறோம். எளிய பேச்சு, இதிலே என்ன சிக்கல்? ஐன்ஸ்டைன் தந்த எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். இருப்புப்பாதையிலே இரு மூலைகளில் இரு மின்னல்கள் விழுகின்றன. இரண்டுக்கும் நட்டநடுவே கரையிலே நிற்பவனை இரண்டு ஒளியும் ஒன்றாக வந்தடைகின்றன. 'ஒரே நேரத்தில் விழுந்தன' என்கிறான். விரைந்தோடும் ரயிலின் நடுப்பெட்டியிலே இருப்பவனோ முன்புறத்து ஒளியை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறான். அது அவனை முதலில் எட்டுகிறது. 'முன்னது முதலில், பின்னது அடுத்து' என்கிறான். யார் சொல்வது சரி? இருவருமே சரி! 'ஒரே நேரம்' என்ற சொல்லுக்கு, அதை எப்படி அளப்பது என்று சொன்ன பிறகே பொருள் பிறக்கிறது. அளக்கும் வழியைச் சொல்லாமல், 'அதெல்லாம் இருக்கட்டும், உண்மையிலேயே ஒரே நேரந்தானா?' என்று கேட்பவன், விடை தெரியாத ஆழ்ந்த கேள்வியைக் கேட்டுவிடவில்லை, கேள்வியே கேட்கவில்லை!

இன்னொன்று. 'நேற்றிரவு நாமெல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தபோது, உலகிலுள்ள எல்லாமே நூறு மடங்கு பெருத்துவிட்டது' என்று ஒருவர் வந்து சொல்வதாக வைத்துக்கொள்வோம். வீடு பெருத்தது, கட்டில் பெருத்தது, அதிலே படுத்திருந்த ஆளும் பெருத்தான், அளக்கும் முழக்கோலும் அதே அளவு பெருத்தது. எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? எந்த அளவையாலும், எந்தக் காலத்திலும் ஒரு சிறு வேறுபாட்டைக்கூடக் காட்டமுடியாத மாறுதலை 'மாறுதல்' என்று அழைப்பதற்கு என்ன பொருள்? தம் நூலிலே இப்புதிரை எடுத்தாண்ட ஷிலிக், அஃது ஒரு பொருளற்ற பேச்சு என்றே தீர்த்தார்.

பள்ளிப் பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் நமக்கு இது புதிதன்று. 'கதிரவன் இவ்வளவு தொலைவில் இருக்கிறது' என்று கரும்பலகையில் எழுதியதும், பின்வரிசையிலிருந்து ஒரு குரல், 'யார் போய் அளந்தார்கள், ஐயா?' என்று எழும். வகுப்பு சிரிக்கும். அந்தப் பிள்ளையை உட்காரச் சொல்லி அடக்கிவிடுவதும் உண்டு. ஷிலிக் அந்தப் பிள்ளையை எழுப்பி முன்வரிசையிலே அமர்த்தினார்!

இந்தப் பாடத்தைத்தான் பின்னர் தத்துவம் முழுமைக்கும் விரித்தார் அவர். ஒரு கூற்றின் பொருள், அதைச் சரிபார்க்கும் வழியிலே அடங்கியிருக்கிறது என்றார். எந்த நிலைமையிலே அது உண்மையாகும், எந்த நிலைமையிலே பொய்யாகும் என்று சொல்ல முடிந்தால், அக்கூற்றுக்குப் பொருள் உண்டு. சொல்லவே முடியாதென்றால், இலக்கணம் வழுவாமல், எதுகை மோனையோடு அமைந்திருந்தாலும், அது வெறும் ஒலி. ஆக, மெய், பொய் என்ற இரண்டோடு, பொருளற்றது என்ற மூன்றாவது கூடை ஒன்றும் வேண்டியதாயிற்று. காட்சிக்கும் கருவிக்கும் கணக்குக்கும் அப்பாற்பட்டதைப் பற்றி அறுதியிட்டுப் பேசும் தத்துவத்தை, அப்பாலைத் தத்துவம் என்று நாம் இங்கே குறிப்போம். அதன் பெரும்பகுதி அந்த மூன்றாவது கூடைக்குள் விழுந்தது. தருக்கத்தையும் புலனறிவையும் இரு கால்களாகக் கொண்ட இக்கொள்கையைத் தருக்கப் புலனறிவாதம் எனலாம்.

'இன்று சரிபார்க்க முடியாததெல்லாம் பொருளற்றதா?' என்று மறுப்போர் கேட்டனர். அல்ல. இதை விளக்க 1932-இல் ஷிலிக் நிலவைத் துணைக்கழைத்தார். நிலவு தன் ஒரு முகத்தையே நமக்குக் காட்டுகிறது. மறுபுறத்தை அக்காலத்திலே மாந்தர் எவரும் கண்டதில்லை. 'நிலவின் மறுபுறத்திலே 3,000 மீட்டர் உயரமுள்ள மலை ஒன்று இருக்கிறது' என்ற கூற்றுக்குப் பொருளுண்டா? உண்டு, என்றார் ஷிலிக். போய்ப் பார்க்க வண்டி இல்லையே தவிர, போனால் எதைப் பார்க்கவேண்டும் என்பது தெரியும், அது போதும். 1959 அக்டோபரிலே சோவியத் நாட்டின் லூனா-3 நிலவைச் சுற்றிச் சென்று மறுபுறத்தைப் படம் பிடித்தனுப்பியது. 2019-இல் சீன நாட்டுக் கலம் அங்கே இறங்கவும் செய்தது. வழி அடைபட்டிருப்பது வேறு, வழியே இல்லாதது வேறு என்ற இந்த வேறுபாட்டை மறந்து வழுக்கியவர்களும் உண்டு. விண்மீன்களிலே என்னென்ன பொருள்கள் உள்ளன என்பதை மாந்தர் அறியவே முடியாது என்று பிரெஞ்சுப் பேரறிஞர் கோம்ட் 1835-இல் எழுதினார். கால் நூற்றாண்டிலேயே, கிர்க்காப்பும் பன்சனும் ஒளியைப் பிரித்துப் பார்த்து அவற்றிலே உள்ள தனிமங்களைப் படிக்கத் தொடங்கிவிட்டனர்!

நம் இளைஞர் சிலருக்கு ஆவல் பிறந்திருக்கும். 'சரி, கடவுளைப் பற்றி என்ன சொன்னார்கள்?' என்று. எதிர்பார்த்த விடை கிடைக்காது. ஆங்கிலேய இளைஞர் ஏயர், 1932-இல் வியன்னா சென்று இவர்களிடம் பாடம் கேட்டுத் திரும்பி, 1936-இல் 'மொழி, உண்மை, தருக்கம்' என்ற நூலை வெளியிட்டார். எவ்வகையிலும் சரிபார்க்க முடியாத ஒன்றைக் கடவுள் என்று குறித்துக்கொண்டு, 'உண்டு' என்பவன் சொல்வது பொருளற்றதென்றால், அதையே 'இல்லை' என்பவன் சொல்வதும் பொருளற்றதே என்று அவர் இருபக்கமும் கதவைச் சாத்தினார். நாத்திகம் பேசுவோருக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால், எண்ணிப் பார்த்தால், மேடையிலே 'இல்லை' என்று முழங்குவதைவிட இது கடினமான வேலை என்பது விளங்கும். எதை மறுக்கிறோம் என்பதை முதலிலே வரையறுக்கவேண்டியிருக்கிறது. மழை பெய்விப்பார், நோய் தீர்ப்பார் என்று சொல்லப்படும் கடவுள், சரிபார்க்கக்கூடிய கூற்றுக்குள் வந்துவிடுகிறார். அங்கே மறுப்புக்கு வேலை உண்டு.

1922-இல் ஷிலிக் வியன்னாவுக்கு அழைக்கப்பட்டார். 1895-இல் எர்னஸ்ட் மாக் என்பாருக்காக ஏற்பட்டு, பின்னர் போல்ட்ஸ்மனும் அலங்கரித்த தத்துவ இருக்கை அது. இருவருமே இயற்பியலார். அவ்விருக்கையிலே அமர்ந்த ஷிலிக்கைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. 1924 முதல், வியாழக்கிழமை மாலைதோறும், போல்ட்ஸ்மன் பெயர் தாங்கிய தெருவிலே, கணித நிலையத்துச் சிறு அறையிலே கூடினார்கள். வியன்னா வட்டம் என்று வையம் பின்னாளிலே அழைத்தது இக்கூட்டத்தைத்தான். கணித அறிஞர் ஹான். அவர் தங்கை, இளமையிலேயே பார்வை இழந்தும் தருக்கவியலிலே ஆய்வுக்கட்டுரைகள் எழுதிய ஓல்கா. ஓல்காவின் கணவர், பொருளியல் அறிஞர், மலை போன்ற உருவினர், ஓட்டோ நியூராத். 1926-இல் வந்து சேர்ந்த கார்னாப். பேச்சுக்களைக் குறிப்பெடுத்துக் காத்த ரோஸ் ராண்ட். வைஸ்மான், ஃபைகல், மெங்கர். ஒரு மூலையிலே வாய் திறவாமல் அமர்ந்திருந்து, 1931-இல் கணிதத்தின் அடித்தளத்தையே அதிரவைத்த கோடெல் என்ற இளைஞர். இத்தனை பேரும் ஓர் அறையிலே!

விட்கென்ஸ்டைன் என்ற விந்தை மனிதரின் நூலை வரிவரியாகப் படித்து அவர்கள் வாதிட்டபோது, நியூராத் இடையிடையே 'அப்பாலைத் தத்துவம்! அப்பாலைத் தத்துவம்!' என்று கூவினாராம். ஷிலிக் முகம் சுளித்தார். 'ஒவ்வொரு முறையும் முழுச்சொல்லைக் கூவவேண்டா. முதலெழுத்தை மட்டும் சொல்லுங்கள்' என்று ஹான் சமரசம் செய்தார். சற்று நேரம் முணுமுணுத்துக் கொண்டிருந்த நியூராத், 'அதைவிட, நாம் அப்பாலைத் தத்துவம் பேசாத நேரத்தில் மட்டும் நான் குரல் கொடுக்கிறேன். உழைப்பு மிச்சமாகும்' என்றாராம்! அந்த விட்கென்ஸ்டைனும், தம்மோடு தருக்கம் பேச ஆவலோடு வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, நம் தாகூரின் கவிதைகளை உரக்கப் படித்த நாட்களும் உண்டு என்பர்.

சிரிப்பும் சண்டையும் நிறைந்த அவையாக அது இருந்தது என்பதை எடுத்துக்காட்டவே இதைக் கூறினோம். ஆண்டவன் வாக்கு என்று அங்கே எதுவுமில்லை, ஷிலிக்கின் வாக்கும்கூட. அறிவின் அடித்தளம் எது என்பதிலே நியூராத் அவரோடு கடைசிவரை முரண்பட்டார். நேரிலே கண்ட கணத்திலே எழும் உறுதியே அடித்தளம் என்றார் ஷிலிக். அடித்தளமே கிடையாது, நடுக்கடலிலே பயணம் செய்துகொண்டே கப்பலைப் பழுதுபார்க்கும் மாலுமிகள் நாம் என்றார் நியூராத். கார்ல் பாப்பர் என்ற பள்ளி ஆசிரியர் இன்னும் ஒருபடி மேலே போனார். 'எல்லா உலோகங்களும் சூட்டால் விரியும்' என்ற விதியை எப்படிச் சரிபார்ப்பீர்? இருந்த, இருக்கின்ற, இனி வரப்போகின்ற உலோகத் துண்டுகள் அத்தனையையும் சூடேற்றியா? முடியாதே! அப்படியானால் உங்கள் அளவுகோலின்படி இயற்கை விதிகளே பொருளற்றவை ஆகிவிடுமே! என்று மடக்கினார். விதி என்பது கூற்று அன்று, கூற்றுக்களை ஆக்கிக்கொள்ள வழிகாட்டும் நெறி என்று ஷிலிக் விடை சொன்னார். அந்த விடை பலருக்கு நிறைவளிக்கவில்லை, நமக்கும் நிறைவளிக்கவில்லை. 'பொருளுடையது சரிபார்க்கக்கூடியதே' என்ற உங்கள் கொள்கையை எதைக்கொண்டு சரிபார்ப்பது என்ற கேள்விக்கும் பின்வந்தோர் தக்க விடை காண இயலாமல் தவித்தனர். இன்று தத்துவ உலகிலே அக்கொள்கையை அதன் பழைய வடிவில் ஏற்போரைக் காண்பதரிது.

ஆனால், ஒன்றைக் கவனிக்கவேண்டும். வட்டத்தை மடக்கிய பாப்பரின் நூல் 1934 இறுதியிலே எங்கிருந்து வெளிவந்தது? ஷிலிக்கும் பிலிப் ஃபிராங்க்கும் பதிப்பாசிரியர்களாக இருந்து நடத்திய நூல்வரிசையிலேயே வெளிவந்தது! தம் கொள்கையின் அடிமரத்தை வெட்டவந்தவருக்குத் தம் அச்சகத்தையே திறந்துவிட்டார். மறுப்பவனின் நூலை எரித்த வரலாறு ஏராளம். அச்சிட்டுக் கொடுத்த வரலாறு எத்தனை?

1928-இல் இவர்கள் எர்னஸ்ட் மாக் கழகம் என்று ஒன்றை நிறுவி, அறிவியல் நோக்கைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லச் சொற்பொழிவுகள் நடத்தினர். தலைவர் ஷிலிக். மறு ஆண்டு ஜெர்மனியின் பான் நகரிலிருந்து சிறந்த பதவி ஒன்று தேடிவந்தது. நண்பர்கள் பதறினர், அவர் வியன்னாவிலேயே தங்கிவிட்டார். அந்நன்றிக்கு அடையாளமாக 'அறிவியல் உலகநோக்கு: வியன்னா வட்டம்' என்ற அறிக்கை நூலை அவருக்கே காணிக்கையாக்கினர். அமெரிக்காவிலே வருகைப் பேராசிரியராக இருந்துவிட்டுத் திரும்பியவருக்கு, அதன் முழக்கத் தொனி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நியூராத்தும் ஹானும் சமதர்மவாதிகள். ஷிலிக் கட்சி மேடை ஏறாதவர். மென்மையான பேச்சு, பிரபுக் குடியின் பழக்கவழக்கம்.

பின்னாளிலே 'ஒழுக்கத்தைக் கெடுத்தவர்' என்று பழி சுமத்தப்பட்ட இவர், ஒழுக்கம் குறித்து என்ன எழுதினார் தெரியுமா? 1930-இல் 'ஒழுக்கவியற் கேள்விகள்' என்ற நூலை எழுதினார். மேலிருந்து எவரோ கட்டளையிட்டதால் நல்லவனாக இருப்பதைவிட, மனம் விரும்பி நல்லவனாக இருப்பதே மேல் என்று வாதிட்டார். பிறர் மகிழ்ச்சியிலே மகிழும் இயல்புதான் மாந்தருக்கு நிலைத்த இன்பம் தருவது. ஆதலால் அன்புள்ளம், அச்சத்தாலோ ஆணையாலோ வருவதன்று என்றார். அதற்கும் முன்னர், 1927-இல் வாழ்வின் பொருள் குறித்து எழுதியபோது, ஏதோ ஒரு தொலைவுக் குறிக்கோளுக்காக இன்றைய நாளைச் சுமையாக்கிக் கொள்ளவேண்டா. செய்யும் செயலிலேயே மகிழ்ச்சி காணும் விளையாட்டுள்ளம், இளமையுள்ளம், அதுவே வாழ்வுக்குப் பொருள் தருவது என்று எழுதினார். முகத்திலே சுருக்கம் விழுந்தபின்னும் இளமையோடு இருக்கலாம் என்பது அவர் துணிபு. இந்த மனிதர்தான் இளைஞரைக் கெடுத்தவராம்!

காலம் கறுத்தது. 1933 மார்ச்சிலே ஆஸ்திரியாவின் முதலமைச்சர் டால்ஃபஸ் நாடாளுமன்றத்தைச் செயலற்றதாக்கிச் சர்வாதிகாரம் ஏற்றார். 1934 பிப்ரவரியிலே தொழிலாளர் குடியிருப்புக்களை நோக்கிப் பீரங்கிகள் முழங்கின. அதே மாதம் எர்னஸ்ட் மாக் கழகம் தடைசெய்யப்பட்டது; சமதர்மக் கட்சிக்குத் துணைநின்றதாம். ஷிலிக் காவல்துறைக்கு மறுப்பு மடல்கள் எழுதினார். இஃது அரசியல் கழகமன்று, அறிவியல் கழகம் என்று எடுத்துரைத்தார். கேட்பாரில்லை. மாஸ்கோ சென்றிருந்த நியூராத் திரும்பாமல் ஹாலந்து போனார். ஹான் அவ்வாண்டே நோயால் மறைந்தார். கார்னாப் பிராகாவிலிருந்து அமெரிக்கா செல்ல வழி தேடினார். ஷிலிக் தம் இருக்கையிலேயே இருந்தார்.

நெல்பெக் முன்னரே பலமுறை அவரைக் கொன்றுவிடுவதாக மிரட்டியவன். அதற்காக இருமுறை உளநோய் மருத்துவமனையிலே வைக்கப்பட்டவன். சில காலம் ஷிலிக்கிற்குக் காவலும் இருந்தது. நாட்கள் செல்லச் செல்லக் காவலும் தளர்ந்தது. தன் வாழ்வின் தோல்விகள் அனைத்துக்கும் தன் பேராசிரியரே காரணம் என்ற பித்து அவனைப் பிடித்திருந்தது. ஆகவே இக்கொலையைச் சமயவாதிகள் ஏவிய கொலை என்றோ, அரசியற் கட்சி செய்த கொலை என்றோ நாம் சொல்லமாட்டோம். சரிபார்க்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கூறியவரின் சாவைப் பற்றிச் சரிபார்க்காத கதை கட்டுவது முறையாகாது. பித்தன் ஒருவன் சுட்டான், அது மெய்.

அதன்பின் நடந்தது பித்தர்களின் வேலையன்று. படித்தவர்களின் வேலை! 1936 ஜூலை 12-ஆம் நாள், 'அழகிய எதிர்காலம்' என்ற பெயர்கொண்ட வியன்னாவின் கத்தோலிக்க வார இதழிலே, 'பேராசிரியர் டாக்டர் ஆஸ்திரியாக்கஸ்' என்ற முகமூடிப் பெயரிலே ஒரு கட்டுரை. முகமூடிக்குள் இருந்தவர் யோஹான் ஸாட்டர் என்பதும், அவர் அதே பல்கலைக் கழகத்திலே தத்துவம் கற்பித்தவர் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. அவர் எழுதியதன் சாரம் இது: இக்கொலை ஒரு தனி மனிதனின் வெறிச்செயலன்று, ஷிலிக்கின் அழிவுத் தத்துவம் இளம் உள்ளத்திலே விளைவித்த பயன், ஆன்மாவை மறுத்து, கடவுளை ஒதுக்கி, எல்லாவற்றையும் பொருளற்றதென்று கற்பித்தவர் விதைத்ததை அறுத்தார், அவர் யூதக் கூட்டத்தின் தலைக்கற்சிலை, யூதத் தத்துவவாதிகள் தங்கள் இனத்துக் கழகங்களிலே தத்துவம் பேசிக்கொள்ளட்டும், கிறித்தவ ஜெர்மானிய ஆஸ்திரியாவின் பல்கலைக் கழக இருக்கைகளிலே கிறித்தவத் தத்துவவாதிகளே அமரவேண்டும்!

ஷிலிக் யூதரே அல்லர். ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் குடியிலே பிறந்தவர். அவரைக் காக்க முன்வந்தோர் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். சொல்லவேண்டியதாயிற்று! அந்த மறுப்பிலேதான் அக்காலத்தின் கொடுமை முழுவதும் தெரிகிறது. யூதராக இருந்திருந்தால்? குண்டு தகுமோ? அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அந்நகரிலே குரல்கள் மிகக் குறைந்து போயிருந்தன. வட்டத்திலே யூதர்கள் பலர் இருந்தனர்; அவர்கள் காதிலே அந்தக் கட்டுரை எப்படி ஒலித்திருக்கும்? பல்லாண்டு ஷிலிக்கின் வலக்கரமாக இருந்த வைஸ்மான் யூதர். நூலகத்திலிருந்த சிறு பணியையும் அவ்வாண்டே இழந்தார்.

சரிபார்க்கும் கேள்வியை ஸாட்டரின் கட்டுரையிடமே கேட்டுப் பார்ப்போமே. ஷிலிக்கிடம் பயின்றவர்கள் பல நூற்றுவர். கோடெல் கணிதத்திலே முத்திரை பதித்தார். ஃபைகல் அமெரிக்காவிலே ஆசான் ஆனார். எத்தனையோ பேர் வியன்னாவிலே ஆசிரியராய், நூலாசிரியராய் அமைதியாக வாழ்ந்தனர். ஒருவன் துப்பாக்கி எடுத்தான். தத்துவம் விதை என்றால் மற்ற நிலங்களிலே அது ஏன் துப்பாக்கியாக முளைக்கவில்லை? எந்த நிலைமை நேர்ந்தால் தம் குற்றச்சாட்டு பொய்யாகும் என்று அந்த முகமூடிப் பேராசிரியர் சொல்லவில்லை.

1937 மே திங்களிலே வழக்கு. கொலைகாரனும் ஏடுகள் கற்றுக்கொடுத்த பாடத்தை நன்றாகவே ஒப்பித்தான். பேராசிரியரின் தத்துவம் தன் நம்பிக்கையைக் குலைத்து, மனத்தடைகளை அகற்றிவிட்டது என்றான். பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஷிலிக்கின் இருக்கையிலே கத்தோலிக்கத் தத்துவவாதி ஒருவர் அமர்ந்தார். மாக்கும் போல்ட்ஸ்மனும் அமர்ந்த மரபு அத்தோடு அறுந்தது.

1938 மார்ச்சிலே இட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. சிறையிலிருந்த நெல்பெக், தான் அழித்தது யூதத் தத்துவத்தை என்றும், அதனால் தான் செய்தது நாட்டுக்குத் தொண்டு என்றும் காட்டி விடுதலை கோரினான். ஸாட்டரும் அவனுக்காகப் பரிந்து பேசினார். அக்டோபரிலே நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டான். பத்தாண்டு, இரண்டே ஆண்டாகக் கரைந்தது!

வட்டத்தார் திசைக்கொருவராய்ச் சிதறினர். மெங்கர் 1937-இலேயே அமெரிக்கா போனார். வைஸ்மான் இங்கிலாந்து சென்றார். ரோஸ் ராண்ட் பின்னால் அதே நாட்டுக்குத் தப்பினார். குறிப்பேடுகளையும் விடாமல் காத்து வைத்திருந்தார். 1940-இல் ஜெர்மானியப் படை ஹாலந்தைச் சூழ்ந்தபோது, நியூராத் நெரிசல் மிகுந்த படகொன்றிலே ஏறி இங்கிலாந்துக் கரையை அடைந்தார். நடுக்கடற் கப்பலை உவமை சொன்னவர் அவர்! கோடெல், ஆசானின் கொலையால் உடைந்த உள்ளத்தோடு நெடுநாள் நோயுற்றிருந்து, அதே 1940-இல் சைபீரியா வழியே சுற்றி அமெரிக்கா சேர்ந்தார்.

போர் முடிந்தது. வியன்னாவிலேயே தங்கியிருந்த வட்டத்து உறுப்பினர் விக்டர் கிராஃப்ட். அவர் 1950-இல் வட்டத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். அதிலே ஷிலிக்கைக் கொன்றவனை மனநோயாளி என்று குறிப்பிட்டிருந்தார். நெல்பெக் அப்போது வியன்னாவிலே சுதந்திர மனிதனாக உலவிக்கொண்டிருந்தான். 1951-இல் அவன் நீதிமன்றம் ஏறினான். தன் மானத்துக்கு இழுக்கு நேர்ந்துவிட்டதென்று கிராஃப்டின்மேல் வழக்குத் தொடுத்தான். முதியவர் கிராஃப்ட் வழக்காடவில்லை, இணங்கிப் போனார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், நெல்பெக் இறந்தான். ஷிலிக் சாய்ந்த படியிலே இப்போது எழுத்துக்கள் பொறித்திருக்கிறார்கள்; இன்னார் இந்த இடத்திலே இந்நாளிலே கொலையுண்டார் என்பதோடு, இனவெறியும் சகிப்பின்மையும் நஞ்சூட்டிய சூழல் அக்கொலைக்குத் துணைநின்றது என்ற குறிப்பும் அதிலே உண்டு. மாணவர்கள் அதன்வழியேதான் வகுப்புக்கு ஏறிச் செல்கிறார்கள்.